நாற்பதுக்கு முன்னால் தாண்டிய வாசல்

தைலம்மாள் வெள்ளிமலையில் பிறந்து தியாகதுருகத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். களையெடுப்பு இல்லாத நாட்களில், எங்கள் தெருவில் பிள்ளை பிறந்த வீடுகளுக்குக் குளிப்பாட்ட வருவார். அவர் எங்கள் வீட்டில் செய்ததை யாராவது எழுதிவைக்க வேண்டும். ப்ளஸ் டூ முடித்துச் சும்மா இருக்கும் நானே எழுதுகிறேன்.

போன வருடம் என் அண்ணி தாஹிராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவருக்குத் தாய் இல்லாததால் பிரசவம் எங்கள் பொறுப்பு. எங்களில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது. அண்ணி அறையை விட்டே வரவில்லை. பேச்சும் நின்றுபோனது.

"எம் மருமவளாட்டம் நாப்பது காக்கிறவ யாரு?" என்று அம்மா எல்லோரிடமும் பெருமைப்பட்டார். நானும் அதை நம்பினேன். வந்தவர்கள் குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள்.

இருபத்திரண்டாம் நாள். குளிப்பாட்டித் துடைத்து தைலம்மாள் நீட்டிய குழந்தையை அண்ணி வாங்கவில்லை.

"தூங்கி எத்தினி நாளாச்சு கண்ணு?"

அதுவரை நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. அண்ணி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நானும் இதுவும் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லதுன்னு தோணிக்கினே இருக்குக்கா."

தைலம்மாள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார்.

"பாயம்மா, இன்னிக்கே மனசுக்குப் பாக்கிற டாக்டருகிட்ட இட்டுக்கினு போங்க."

"எம் மருமவ இன்னா பைத்தியமா? நாப்பது முடியட்டும், பாப்போம்."

"காய்ச்சல் வந்தாலும் நாப்பது முடியட்டும்னு குந்திக்கினு இருப்பீங்களா?"

"குளிப்பாட்ட வந்தவ குளிப்பாட்டிட்டுப் போ, தைலம்மா."

அவர் போகவில்லை. "எம் மொதப் புள்ளைய கேவுரு கொல்லையில கிடத்திட்டு நான் பாட்டுக்கு நடந்துட்டேன், பாயம்மா. எங்க வூட்டுக்காரரு ஓடியாந்து தூக்கினாரு. பேய் புடிச்சிக்கிச்சின்னு வேப்பிலை அடிச்சாங்க. நான் மறுபடி சிரிக்க ரெண்டு வருசம் ஆச்சு. இவ அத்தினி நாள் தாங்குவாளோ, மாட்டாளோ."

அம்மா அடுப்பை அணைத்தார். நான் கடையிலிருந்த அண்ணனுக்குப் போன் செய்தேன்.

கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர், பிள்ளை பெற்ற சிலருக்கு இந்த நோய் வரும், மருந்து இருக்கிறது என்றார். தூங்க விடுங்கள், தனியே விடாதீர்கள் என்றும் சொன்னார்.

அம்மா கேட்டது ஒன்றுதான். "பால் குடுக்கலாங்களா?"

"இந்த மாத்திரையோட குடுக்கலாம்மா."

மறுநாளே எதிர்வீட்டு அத்தியா அக்கா வந்துவிட்டார். "இன்னா பெரியம்மா, நாப்பதுக்குள்ள உங்க மருமவ ஆட்டோ ஏறிடுச்சாமே!"

"ஆமாண்டி, நான்தான் ஏத்தினேன். நீ மதியத்துல வந்து புள்ளைய வெச்சிக்க. அவ தூங்கணும்."

அவர் வந்தார். பிறகு தெருவில் இன்னும் மூன்று பேர் முறை வைத்து வந்தார்கள்.

நாற்பதாம் நாளும் அண்ணி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். சில நாட்கள் அழுகையும் இருந்தது. ஆனால் அன்று காலை, பின்கட்டில் தைலம்மாள் குழந்தையைக் குளிப்பாட்டக் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தபோது, அண்ணி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தண்ணி சூடு சரியாக்கீதான்னு பாரு கண்ணு."

அண்ணி விரலை விட்டுப் பார்த்தார். "ஜாஸ்தியா இருக்கு. புள்ளைக்குத் தாங்காது."

வெந்நீர் ஆறும்வரை தைலம்மாள் காத்திருந்தார்.