எஸ்தர் மேடம் அழிக்க மறுத்த வரி

வியாழக்கிழமை காலை ராணிப்பேட்டையில் ஒரு ஷெட்டில் தோல் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டிங் மேஸ்திரி தனபால் ஆம்பூரிலிருந்து போன் செய்தார்.

"சார், எஸ்தர் மேடம் போய்ட்டாங்க சார்."

"எங்கய்யா போய்ட்டாங்க? மத்தியானம் சாம்பிள் அனுப்பணுமே!"

எதிர்முனையில் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. விடியற்காலையில் மாரடைப்பு. ஒடுகத்தூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. வயது நாற்பத்தாறு.

எங்களுடையது ஷூவின் மேல்பாகம் வெட்டித் தைக்கும் சிறிய யூனிட். தோல் துண்டுகளைச் சைக்கிளில் வைத்து விற்று, ஆளாகி, நான் தொடங்கியது. ஒன்பது வருடமாக அங்கே டிசைனராக இருந்தவர் எஸ்தர் மேடம். அவர் வந்த புதிதில் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரே ஷூவுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'சார் சொன்ன ஃபைனல்' என்று ஏழு வரைபடங்கள் கிடக்கும். எது சரியானது என்று தனபாலைத்தான் கேட்க வேண்டும். அவரோ, "நேத்து திறந்தது எதுவோ அதுதான்" என்பார்.

ஒருநாள் மேடம் அந்த ஏழு வரைபடங்களையும் ஓரம் கட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் கிட் (Git) என்ற மென்பொருளைப் போட்டார்.

"இது இன்னா மேடம், இன்னொரு பேக்கப்பா?" என்றேன்.

"ஆர்டர் குடுக்குற பையர் ஓகே பண்ண சாம்பிள்ல டேக் கட்டி, கையெழுத்து, தேதி எல்லாம் போடுறோம்ல சார்? இனிமே வரைபடம் ஒவ்வொரு வாட்டி மாறும்போதும் அந்த மாதிரி ஒரு டேக். யார் மாத்துனாங்க, ஏன் மாத்துனாங்க, எல்லாம் நிக்கும். பழசு வேணும்னா அந்த டேக்கைப் புடிச்சு அப்படியே எடுத்துக்கலாம்."

வேலையைத் தொடங்குமுன் கடைசியாகச் சேமித்ததை எடுக்க வேண்டும். முடித்ததும் ஒரு வரி எழுதிச் சேமிக்க வேண்டும். அவர் வைத்த சட்டம் இவ்வளவுதான். முதல் வாரம் எல்லோரும் 'ஓகே' என்று எழுதி வைத்தோம்.

"தனபால் அண்ணே, ஓகேன்னா இன்னா ஓகே? அடுத்த மாசம் படிச்சா உங்களுக்கே புரியுமா?"

"எனக்கு இப்பவே புரியல மேடம்" என்றார் தனபால். மேடமே சிரித்துவிட்டார்.

அந்தச் சட்டம் ஒருநாள் என் மேலேயே பாய்ந்தது. பெண்கள் பூட்ஸ் ஆர்டர் ஒன்று திரும்பி வந்தது. கால் வடிவ அச்சின் மேல் இழுத்து ஒட்டும்போது அடியில் தோல் போதவில்லை. நான் கட்டிங் ஹாலில் எல்லோர் முன்னாலும் தனபாலிடம், "அளவு பாக்கத் தெரியாதவனுக்கு இங்க வேலை கெடையாது. நாளைக்கி வராதே" என்று கத்தினேன். அவர் ஏப்ரனை அவிழ்த்தார்.

"ஒரு நிமிஷம் உள்ள வாங்க சார்" என்றார் மேடம். திரையில் மூன்று வாரத்துக்கு முந்தைய வரி ஒன்று இருந்தது: 'அடி ஓரம் மூன்று மில்லிமீட்டர் குறைத்தது. தோல் மிச்சமாகும் என்று சார் போனில் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.'

எழுதியவர் எஸ்தர். சொன்னவன் நான். சொன்னது எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை.

"இந்த வரியை எடுத்துடுங்க மேடம்" என்றேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அப்படித்தான் சொன்னேன்.

"எடுக்க முடியும் சார். ஆனா எடுத்தா, மிச்சம் இருக்குற ஒரு வரியையும் எவனும் நம்ப மாட்டான். உங்க தப்புக்கு தனபால் அண்ணன் வீட்டுக்குப் போவாரு. நான் எடுக்க மாட்டேன். வேற ஆள் வெச்சு எடுத்துக்கோங்க."

முதலாளி என்ற மிதப்பு அந்த நாற்காலியிலேயே இறங்கியது. ஹாலுக்குத் திரும்பி வந்து, "தப்பு என்னுது தனபாலு" என்றேன். அவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டே, "அப்போ எல்லாருக்கும் டீ சொல்லுங்க சார்" என்றார். டீ வருவதற்குள் மேடம் பழைய வரைபடத்தை மீட்டு வைத்திருந்தார்.

நேற்று ஒடுகத்தூரில் அடக்கம் முடிந்தது. இன்று காலை நானும் தனபாலும் அவர் மேசையில் உட்கார்ந்து, அனுப்ப வேண்டிய சாம்பிளின் வரைபடத்தைத் திறந்தோம். புதன்கிழமை மாலை மேடம் கடைசியாக எழுதியது இருந்தது: 'ஷூவின் நாக்குப் பகுதி இரண்டு மில்லி கூடிவிட்டது. என் தவறு. நாளை சரி செய்கிறேன்.'

"அழிச்சுடலாமா சார்? செத்தவங்க பேர்ல தப்புன்னு நிக்குதே" என்றார் தனபால்.

"வேணாம்யா. அவங்களே எழுதினது, அப்படியே இருக்கட்டும்."

தனபால் அந்த இரண்டு மில்லியைக் குறைத்தார். மேடத்தின் வரிக்கு மேலே, தன் பெயரில், ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: 'நாக்கு சரி செய்தாச்சு மேடம்.'

சாம்பிள் வெட்டுவதற்குப் போய்விட்டது. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள், மேடம்.