மதினியைப் பார்த்துச் சிரித்தாள்

தொண்ணூறுகளில் கோவை கோட்டைமேட்டில் குடியிருந்தோம். பக்கத்துத் தெருவில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. அறுபதைத் தாண்டிய என் அண்ணன் மனைவி ஜைனம்பு மதினி வரவே மாட்டேன் என்றார். "பொம்பள டாக்டர்தானுங்க மதினி, எனக்கும்தான் பார்க்கறாங்க" என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன்.

எங்கள் முறை வந்தது. மதினியின் முக்காட்டைப் பார்த்த நர்ஸ் எல்லார் முன்னாலும் சிரித்தாள். "ஏனுங்க பாட்டி, பேரன் பேத்தி எடுத்த வயசுல இதெல்லாம் எதுக்குங்க? உங்காளுங்க பிரசவத்துக்குத்தானே வருவீங்க?"

மதினியின் முகம் செத்துப்போனது. "வா புள்ள, ஊட்டுக்குப் போயரலாம்" என்று எழுந்தார்.

நான் மதினியின் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "வயசானவங்க உசுரு உசுரில்லீங்களா? பார்க்காம நாங்க நகர மாட்டோமுங்க!" நான் போட்ட சத்தத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். நர்ஸைக் கண்டித்துவிட்டு, மதினியைத் தானே உள்ளே அழைத்துப்போனார்.

நோய் ஆரம்பத்திலேயே தெரிந்தது. வைத்தியம் செய்து மதினி பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு எங்கள் தெருப் பெண்களைப் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போனேன்.

"அந்த நர்ஸு சிரிச்சதை உட்டுத் தொலை புள்ள" என்று மதினியே பலமுறை சொன்னார். என்னால் மறக்க முடியவில்லை. அன்று அந்தச் சிரிப்பைக் கேட்டு, தங்களுக்காகச் சண்டை போட ஆளில்லாமல், எத்தனை பேர் பேசாமல் வீடு திரும்பினார்களோ.