ஏப்ரன் போட்டால் அம்மா இல்லை

என் வாய் சும்மா இருக்காது. தொழிற்சாலையிலும் எனக்கு அதே பேர்தான். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் சர்க்கிட் பலகைகளைப் பார்த்துப் பழுதானதைப் பிரித்தெடுக்கும் வேலை. பக்கத்து மேசைக்காரி கேள்வியை முடிப்பதற்குள் நான் பதிலை முடித்திருப்பேன். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த மகள், வீட்டு வாசலைத் தாண்டினால் வாயைத் திறக்கவே மாட்டாள்.

வீட்டுக்குள் என்றால் லொடலொட என்று பேசுவாள். சுங்கை பினாங்கில் எங்கள் வீடு பதினோராவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் அவள் வாய் மூடிக்கொள்ளும். கிளினிக்கில் நர்ஸ் பேரைக் கேட்டால் என் பின்னால் ஒளிவாள். பாசாரில் மீன்காரர் "என்ன பாப்பா, சாப்பிட்டியா?" என்றால் தரையைப் பார்ப்பாள். நான் உடனே, "அவளுக்குக் கூச்சம்லா, நான் சொல்றேன்" என்று தொடங்கிவிடுவேன். பிள்ளையைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டர் காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். முதலில் சேர்த்த பாலர் பள்ளியில் நான்கே மாதத்தில், "பாத்ரூம் போவணும்னுகூட சொல்ல மாட்டேங்குது, நாங்க எப்படிமா பாத்துக்கறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது அவளுக்கு நாலரை வயது. இன்னும் இரண்டு வருடத்தில் முதலாம் வகுப்பு. அங்கே போயும் இப்படியே உட்கார்ந்திருப்பாளோ, வயிறு வலித்தால்கூட யாரிடமும் சொல்லாமல் சுருண்டு கிடப்பாளோ என்று நினைத்து இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அந்த நேரத்தில்தான் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வரிசை வீட்டில், பெற்றோர்களே சேர்ந்து நடத்தும் சின்னப் பள்ளி ஒன்று இருப்பதாகத் தோழி சொன்னாள். பாடம் கிடையாது, எழுத்து கிடையாது, பிள்ளைகள் விளையாடுவார்கள். ஒரே ஒரு டீச்சர். அவருக்குத் துணையாக ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் மாதத்தில் இரண்டு நாள் முறை வைத்து வர வேண்டும். நாளுக்கு இரண்டு பேர். பழம் நறுக்க வேண்டும், கழுவ வேண்டும், பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும்.

"விளையாடறதுக்கா ஸ்கூலு?" என்று என் கணவர் சிரித்தார். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

முதல் முறைநாளில் டீச்சர் என்னிடம் ஒரு நீல ஏப்ரனை நீட்டினார். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அக்கா, இதப் போட்டா நீங்க எல்லாப் பிள்ளைக்கும் ஆன்ட்டி. உங்க மகளுக்கும் ஆன்ட்டிதான். அவளுக்கு ஏதாச்சும் வேணும்னா நானோ இன்னொருத்தரோ பாத்துக்குவோம். நீங்க போகக்கூடாது."

கூடவே ஒரு நோட்டும் கொடுத்தார். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் அதில் எழுத வேண்டுமாம். பாவம், நல்ல பிள்ளை, முரட்டுப் பிள்ளை என்றெல்லாம் எழுதக் கூடாதாம். இது என்னடா கூத்து என்று நினைத்துக்கொண்டே ஏப்ரனைக் கட்டினேன்.

அந்த முதல் நாளை எப்படியோ ஓட்டிவிட்டேன். இரண்டாவது முறைநாளில் என்னோடு நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் வந்திருந்தார். அவருடைய மூன்று வயது மகளும் அங்கேதான். வீட்டின் நடுவே வானம் தெரியும் முற்றத்தில் பிள்ளைகள் மண்ணைச் சமைத்து விளையாட ஒரு மூலை உண்டு. அதற்குக் கைப்பிடி போன சட்டிகளைத் தன் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் இவர்தான். வந்ததும் ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்தார். முழங்காலில் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்.

"என்ன அண்ணே, உக்காந்தே இருக்கீங்க?" என்றேன்.

"கடையில நாள் முழுக்க ஓட்டம், தங்கச்சி. இங்க வந்தா உக்காரச் சொல்றாங்க. தாப்பாலா, பரவால்ல, உக்காருவோம்."

நான் அன்னாசி நறுக்கிக்கொண்டிருந்தேன். மண் அடுப்புக்குப் பின்னால் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி கடை போட்டிருந்தாள். என் மகள் காலித் தட்டோடு அவள் முன்னால் நின்றாள்.

"உனக்கு என்னா வேணும்? மீயா, நாசியா?" நூடுல்ஸா, சோறா என்று கேள்வி.

என் மகள் பேசவில்லை. அவள் மறுபடி கேட்டாள். இவள் அப்போதும் பேசவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. ஏப்ரனைக் கழற்றிக் குழாயில் மாட்டினேன். ஏப்ரன் இல்லையென்றால் நான் அம்மாதானே! அவ்வளவு புத்திசாலித்தனம். நேராகப் போய், "அவளுக்குக் கூச்சம்லா, நான் சொல்றேன். மீ கோரேங் குடும்மா" என்றேன்.

கடைக்காரி என் கையிலேயே மண்ணைக் கொட்டினாள். என் மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

டீச்சர் குழாயிலிருந்து ஏப்ரனை எடுத்துவந்து நீட்டினார். "அக்கா, அவ வாயத் தொறந்தா. நீங்க பின்னாடி நின்னீங்க, அதான் பாக்கல."

எனக்குச் சுருக்கென்றது. "பெத்தவளுக்குத் தெரியாதா டீச்சர்?"

"தெரியும்க்கா. ஏப்ரனப் போடுங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீதி நேரத்தை ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கத்தினேன். நேற்று முளைத்த பெண் எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தருகிறாளா, இனி அனுப்பப் போவதில்லை என்றேன். அவர் மகளைப் பார்த்து, "நாளைக்கு ஸ்கூல் போறியா?" என்று கேட்டார்.

"போகலையாம்" என்றேன் நான்.

"போறேன்" என்றாள் அவள்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாகவும் இருந்தது. மறுநாள் அனுப்பினேன்.

மூன்றாவது முறைநாளில் காலையிலிருந்தே மழை. முற்றத்தில் தண்ணீர் கொட்டியது. பிள்ளைகள் எல்லாம் கூரைக்கடியில் இருந்தார்கள். ஏப்ரனை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு வேகவைத்த சர்க்கரைவள்ளியைத் தோலுரித்தேன். அண்ணன் அன்றைக்கும் வந்து, அதே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மகளின் பக்கம் திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கண் கேட்கவில்லை, திரும்பியது.

கிளினிக் விளையாட்டு நடந்தது. மண் கடைக்காரி இன்றைக்கு நர்ஸ். அண்ணனின் மகள் பாப்பா. ஓர் அட்டைப்பெட்டிக்குள் மடங்கிப் படுத்திருந்தாள். என் மகள் தோளில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவள்தான் அம்மா.

"பாப்பா பேர் என்னா?" என்று நர்ஸ் கேட்டாள்.

பெட்டிக்குள் இருந்தவள் எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

"அவளுக்குக் கூச்சம்லா, நான் சொல்றேன்."

என் மகளின் குரல். கணீரென்று, மழைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. ஐயோ, என் தங்கமே! கையிலிருந்த கிழங்கு நழுவி விழுந்தது. ஓடிப்போய் அவளை அள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்புறம்தான் அவள் சொன்ன வார்த்தைகள் எனக்கு உறைத்தன. என் இழுப்பு, என் அவசரம். இடுப்பில் கைவைத்து நின்ற விதம்கூட என்னுடையதுதான்.

"என் பேரு..." என்று பாப்பா மறுபடி தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. நான் பேசறேன்ல?"

பாப்பா அவளையும் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு பெட்டிக்குள் படுத்துவிட்டாள். அவள் அப்பா முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நானும் நின்ற இடத்திலேயே நின்றேன். பதினோராவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் என் மகளின் வாயை மூடியது யார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது.

மதியம் நோட்டில், 'என் மகள் பேசினாள்' என்று எழுதினேன். ஏப்ரன் இன்னும் இடுப்பில் இருந்தது. 'என் மகள்' என்பதை அடித்துவிட்டு, 'அம்மாவாக விளையாடிய பெண்' என்று மாற்றினேன். அந்தப் பெண் சொன்னதை ஓரெழுத்து விடாமல் கீழே எழுதினேன். டீச்சர் படித்துவிட்டு என் தோளைத் தொட்டார். என் ஆயுளில் எதையும் அவ்வளவு மெதுவாக எழுதியதில்லை.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அப்பம் சுடும் அக்காவின் கடையில் நின்றோம்.

"பாப்பாவுக்கு என்னா அப்பம் போடட்டும்?"

மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்த வாக்கியம் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. உதட்டை இறுக்கிக்கொண்டேன். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, பேசாம நிக்கற? ஒடம்பு சரியில்லையா?"

என் கையைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் இறுகின. மகள் ஓரடி முன்னால் நகர்ந்தாள்.

"அம்மாவுக்குக் கூச்சம்லா, நான் சொல்றேன்" என்றாள். "வாழைப்பழம் வெச்சது ரெண்டு."