மேடும் பள்ளமும்

என் கணவர் பெரம்பலூரில் ஓர் ஆபீஸில் எழுத்தராக இருந்தார். எழுபதுகளின் கடைசியில் அவருக்கு அச்சுப் பிழையுள்ள காசுகளைச் சேர்க்கும் ஆசை பிடித்தது. அவருக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அதனால் லென்ஸ் பிடித்துப் பார்த்துச் சொல்வது என் வேலையாயிற்று. எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தந்ததும் அவர்தான். காசு அடிக்கும் அச்சில் விரிசல் விட்டால், உலோகம் அதற்குள் ஏறிக்கொள்ளுமாம். காசில் கோடு மேடாக நிற்கும்; அதற்குத்தான் விலை. பிறகு யாராவது கீறியிருந்தால் கோடு பள்ளமாக இருக்கும், அதன் ஓரங்கள் பிதுங்கியிருக்கும்.

என் தங்கத் தோட்டின் திருகாணி தேய்ந்துபோயிருந்தது. அரியலூர் ஆசாரியிடம் கொடுத்து மாற்றி வருவதாகச் சொல்லி அவர் எடுத்துப்போனார். திரும்பி வந்தபோது கையில் ஓர் ஒரு ரூபாய்க் காசு மட்டும் இருந்தது. சிங்க முகத்தின் குறுக்கே ஒரு கோடு.

"தோடு எங்கங்க?"

"உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி ஒருத்தர் இத வச்சிருந்தாரு. தோட்ட குடுத்துட்டு வாங்கிட்டேன். திருச்சியில வித்தா உனக்கு வளையலே வாங்கலாம்."

லென்ஸை வைத்துப் பார்த்தேன்.

"இது கீறலுங்க. பள்ளமா இருக்கு. நகம் மாட்டுது பாருங்க."

"நல்ல காரியத்துக்கு முன்னாடி வாய வைக்காத," என்று காசைப் பிடுங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் போய் வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் அவராகவே சொன்னார்.

"வெறும் கீறலாம். பழங்காசுக் கடைக்காரரு ஒரே பார்வையில சொல்லிட்டாரு. அனுபவம்னா அதுதான்."

"அதத்தானங்க நானும் சொன்னேன்?"

"நீ தோடு போன ஆத்திரத்துல சொன்ன. அவரு பாத்துல்ல சொன்னாரு."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், தலையை நிமிர்த்தவில்லை. ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சில மாதங்கள் கழித்துக் கீழப்பழுவூரில் அவர் பக்கத்துக் கல்யாணம். கவரிங் தோடு போட்டுக்கொண்டு போனேன். என் நாத்தனார் காதைத் தொட்டுப் பார்த்து, "தங்கத் தோடு என்னாச்சு அண்ணி?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அவர் முந்திக்கொண்டார்.

"குளிக்கிற எடத்துல தொலைச்சுட்டா. எதையும் பாத்து வச்சுக்கத் தெரியாது."

சுற்றி நின்ற பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அவரைத்தான் பாவம் என்பதுபோலப் பார்த்தார்கள். சண்டை போட எனக்கு இஷ்டமில்லை. போட்டாலும் யார் நம்பியிருப்பார்கள்? பந்தியில் போய் உட்கார்ந்தேன். பாயசம்கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.