நாற்பது தட்டுகள்

ஆய்வகத்தில் அவளை எண்ணிக்கையக்கா என்பார்கள். பத்தொன்பது வருடமாகக் கிருமிகளை எண்ணுகிறாள். கிருமி வளர்த்த தட்டை ஒளியூட்டிய கண்ணாடிமேல் கவிழ்த்து, கிருமிகள் பெருகிய ஒவ்வொரு புள்ளியாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே போவாள். யாராவது "அக்கா" என்றால் இடது கையில் ஒரு விரல் உயரும். வந்தவர் போய்விடுவார்.

கணவருக்கு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், குளிர் அறையில் வேலை. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒரு கிருமிக்குத் தடுப்பு மருந்து செய்துகொண்டிருந்தார். முழுக் கிருமியும் வேண்டாம். குடல் சுவரை அது பற்றிக்கொள்ளும் ஒரு புரதத் துண்டு போதும். அதைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க ஆறு வருடம் ஆயிற்று.

சோதனைக்கு முன் இயக்குநர் இருவரையும் அழைத்தார்.

"நாற்பது எலி. பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணி. எதுக்கு எதுன்னு கவர்ல போட்டுப் பூட்டியாச்சு. பிரிக்கிற வரைக்கும் வீட்டுல இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

"வேற எதைப் பத்தியும் நாங்க பேசினதில்லையே சார்" என்றார் கணவர். இயக்குநர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

எலிகளுக்கு மருந்தும், பிறகு கிருமியும் கொடுத்தார்கள். கழிவைக் கரைத்துத் தட்டுகளில் பரப்பி, எலியின் வரிசை எண்ணை மட்டும் எழுதி மேலே அவளுக்கு அனுப்பினார்கள். மருந்து பலித்திருந்தால் பாதித் தட்டுகளில் புள்ளிகள் குறைந்திருக்க வேண்டும். முதல் வாரம் நாற்பதும் ஒரே அடர்த்தி. இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணினாள். கவரைப் பிரித்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அந்த வாரம்தான் வேறொரு நிறுவனம் கணவரை வேலைக்கு அழைத்தது. தனி ஆய்வகம், தலைமைப் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். கவரைப் பிரிப்பது திங்கட்கிழமை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

"போகட்டுமா?"

"உங்க இஷ்டம்."

"வாயைத் திறக்க மாட்டே. மூஞ்சியையாவது காட்டேன்."

அவள் குழாயடியிலிருந்து திரும்பவில்லை.

"சும்மா சொன்னேன்மா. காட்டாதே." சிரித்தார். "ஆறு வருஷம் குளிர்ல நின்னுட்டு, கையில வர்ற நேரத்துல எவனாவது விட்டுட்டுப் போவானா?"

வர இயலாது என்று எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

"பிழை ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க."

திங்கட்கிழமை அவள் முதலில் வீட்டுக்கு வந்தாள். அவர் இருட்டிய பிறகு வந்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"மூணாவது வாரம்."

"அந்தக் கடுதாசியை வாசிச்சப்போ தெரியும்."

"தெரியும்."

செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "சொல்லியிருந்தா அப்புறம் உன் எண்ணிக்கையை யாரும் நம்ப மாட்டாங்க" என்றார், அவள் சொல்ல வேண்டியதைத் தானே சொல்பவர்போல.

அடுத்த மாதம் வேறொரு புரதத் துண்டை எடுத்தார். எண்ணுவதற்கு வேறு ஆள் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இனிமே வீட்டுல தாராளமா பேசலாம்" என்றார்.

"சரிங்க."

புதிய துண்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்கு இப்போது குடிநீர் மாதிரிகள் வருகின்றன. பெரும்பாலான தட்டுகளில் எண்ணுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை.