கழுவி வைத்த தொட்டி

மருத்துவக் கல்லூரியின் தொற்றுநோய்ப் பிரிவில் நான் ஆய்வு உதவியாளர். சுங்குவார்சத்திரத்தில் ஒரு பெண்கள் விடுதியிலிருந்து டைபாய்டு நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். மொட்டைமாடித் தொட்டிதான் காரணமா என்று பார்க்க, தண்ணீர் எடுத்துவர டாக்டர் என்னை இரண்டாம் முறையாக அனுப்பினார். சொல்லாமல் போனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால் முதல் நாளே போன் செய்திருந்தேன்.

வாசலிலேயே பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது.

"நீங்க வர்றீங்கன்னு காலையிலேயே டேங்க்கைக் கழுவி வுட்டேன் மேடம்," என்றார் வார்டன், பெருமையாக.

"கழுவாம வைங்கன்னு சொன்னேனேம்மா."

"வூட்டுக்கு ஆள் வந்தா பெருக்காம இருப்பாங்களா?"

சென்ற முறையும் இப்படித்தான். எடுத்துப்போன தண்ணீரில் ஆய்வகத்தில் கிருமி எதுவும் வளரவில்லை. நெடி போன சில வாரத்தில் காய்ச்சல் மட்டும் திரும்பி வந்தது.

காய்ச்சலோடு படுத்திருந்த தூத்துக்குடிப் பெண் தன் பாட்டிலை நீட்டினாள். "நேத்து பிடிச்ச தண்ணிக்கா. வேணுமா?"

"வாய் வச்சுக் குடிச்சியா?"

"பொறவு? மூக்காலயா குடிப்பாவ?"

நோயாளி வாய் வைத்த தண்ணீரை வைத்துத் தொட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. கொண்டுபோன பாட்டில்களைத் திறக்காமலே பையில் போட்டுக்கொண்டு, அவளை மட்டும் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துவந்தேன்.

காரணத்தை நிரூபிக்க முடியாது என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

இப்போது வாராவாரம் வார்டனுக்குப் போன் செய்கிறேன். "நாளைக்கு வர்றேம்மா," என்கிறேன். பெரும்பாலும் போவதில்லை.