குடிகாரன் என்றால் பரவாயில்லையாம்

முதலில் நின்றது என் வலது கையின் வீச்சுத்தான். நடக்கும்போது இடது கை வழமைபோல முன்னும் பின்னும் போய்வர, வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. எனக்கு அது தெரியாது. லண்டனில் ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷனில் எனக்குப் பின்னால் நடந்துவந்த மகள் துஷிதான் கண்டுபிடித்தாள். "அப்பா, உங்கட ரைட் ஆர்ம் ஸ்விங் பண்ணுதில்லை. வை?" என்றாள். வேலைக் களைப்பு என்று சொல்லிவிட்டேன். வயரிங் வேலை செய்கிறவனுக்குக் கை களைக்காமல் வேறென்ன செய்யும்?

பிறகு அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம். ஸ்குரூட்ரைவரைப் பிடித்தால் அடங்கிவிடும். இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் நரம்பியல் மருத்துவர் என்னை நடக்கவிட்டார், விரல்களைத் தட்டவிட்டார், ஒரு வசனம் எழுதச் சொன்னார். எழுத்து போகப் போக எறும்பாகச் சிறுத்தது. பார்க்கின்சன் என்றார். (மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் உயிர்க்கலங்கள் குறைவதால் அசைவு மெதுவாகி, தசை இறுகும் நோய். மருந்தால் கட்டுப்படும், மாறாது.) எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மனைவி வசந்தி சொன்ன முதல் வார்த்தை இது: "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம்."

குட்மேய்ஸில் ஒரு குடும்பம். மாப்பிள்ளை கணக்காளர். பரம்பரை நோய் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களாம். பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை என்று மருத்துவர் சொன்னபோது வசந்தியும் பக்கத்தில் இருந்தவள்தான். ஆனாலும் வெளியே போனால் கை ஜாக்கெட் பைக்குள் இருக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து வீட்டுச் சட்டமாகிவிட்டது. இதே நோயோடு இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒளிக்க ஒளிக்க நடுக்கம் கூடும். யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் அதற்குத் தீனி.

அந்தச் சித்திரையில், ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி லண்டன் தமிழர்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்றார்கள். நானும் போனேன். வீட்டில் டிவியைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பதாகையைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. எடுத்துப் பிடித்தேன், அத்தனை பேர் பார்க்கிற பதற்றத்தில் பதாகை ஆடியது, காலும் தடுமாறியது. பக்கத்தில் நின்றவர் மற்றவருக்குச் சொன்னது நன்றாகவே கேட்டது. "இந்த நேரத்திலையும் போட்டிட்டு வந்து நிக்கிறார் பார்."

நான் இங்கே வருமுன் ஜெர்மனியில் ரெஸ்டோரண்ட் வேலை செய்தவன். ஆயிரக்கணக்கில் பியர் கிளாஸ் கழுவியிருக்கிறேன். ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. பதாகையை அந்த ஆளின் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். ரயிலில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம் என் பிசியோதெரபிஸ்ட் (அசைவுக்குப் பயிற்சி தருபவர்) ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்த தாய்ச்சி (மெதுவான அசைவுகளாலான சீனப் பயிற்சி) வகுப்புக்கு அனுப்பினார். விழாமல் இருக்கப் பழகுவதற்காம். கண்ணை மூடிப் புன்னகைக்கிற யாராவது வெள்ளைக்காரர் இருப்பார் என்று எரிச்சலோடுதான் போனேன். வகுப்பெடுத்தவர் கலா என்ற மலேசியத் தமிழ்ப் பெண். ஈப்போவில் பிறந்து, இங்கே படிக்க வந்து, ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஊர்த் திடலில் சீன அயலவர்களோடு நின்று சிறுவயதில் பழகியதாம்.

"இது தியானமோ, சண்டையோ?" என்று முதல் நாளே கேட்டேன்.

"சண்டதான் அண்ணே. மலையில ஒரு சாமியார், பாம்பும் கொக்கும் சண்ட போடறதப் பாத்துக் கண்டுபுடிச்சாருன்னு ஒரு கத சொல்லுவாங்க. அழகான கத. ஆனா தேடிப் போனா சென் குடும்பம்னு ஒரு குடும்பத்தோட ஊர்லதான் போயி நிக்கும். ஊரக் காப்பாத்திக்க வச்சிருந்த சண்ட."

எனக்கு அது பிடித்துவிட்டது. சென் பாணியில் மெதுவாகப் போகிற அசைவு திடீரென்று வெடிக்கும். கால் நிலத்தை ஓங்கி மிதிக்கும். அந்த ஊரில் பழகிய வெளியாள் ஒருவர் தலைநகருக்குக் கொண்டுபோனதிலிருந்து வளர்ந்தது யாங் பாணி. அது பெரிய அசைவுகளாக, ஒரே சீராக ஓடும். அதிலிருந்து கிளைத்த வூ பாணி அசைவுகளைச் சிறிதாக்கிக்கொண்டது. எங்கள் வகுப்புக்கு யாங். எனக்குச் சென்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அந்த வருடம் என்னிடம் சீராக ஓடுவதற்கு என்ன இருந்தது? "சரி, ஒருவாட்டி மிதிங்க" என்று கலா பக்கத்தில் வந்து நின்றார். மிதித்தேன். அவர் பிடித்திராவிட்டால் முகம் குப்புற விழுந்திருப்பேன்.

தாய்ச்சிக்குப் பின்னால் இருக்கும் எண்ணம், தணிவதும் எழுவதும் ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது என்பது. சீனர்கள் யின் என்றும் யாங் என்றும் சொல்கிறார்கள். (பாணியின் பெயரான யாங் வேறு, அது ஒரு குடும்பப் பெயர்.) கலா அதை எனக்குக் காலில் காட்டினார். எடையைத் தாங்குகிற கால் நிறைவு, மற்றது வெறுமை. எனக்குக் கதவடியில் கால் உறைந்துவிடும். (நிலத்தில் ஒட்டியதுபோல நகர மறுக்கும்.)

"காலத் தூக்கப் பாக்காதீங்க அண்ணே. மொதல்ல வெயிட்ட முழுசா இந்தப் பக்கம் கொண்டாங்க. அந்தக் கால் காலியாச்சுன்னா தானா வரும்லா."

வந்தது. மாதக்கணக்காகக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு காலைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

பிறகு கை தள்ளும் பயிற்சி. இருவர் மணிக்கட்டைத் தொட்டபடி நின்று, ஒருவர் தள்ள மற்றவர் இளகி வழிவிட வேண்டும். "விட்டுக்கொடுங்க" என்றார் கலா. போரில் எல்லாம் இழந்த அந்த வருடத்தில் ஓர் ஈழத் தமிழனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? "எல்லாத்தையும் விட்டுக்குடுத்திட்டுத்தான் இஞ்சை வந்து நிக்கிறம், தங்கச்சி" என்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. கலா கையை எடுக்கவில்லை.

"கை போற பக்கம் போகட்டும். நிக்கிற எடத்த விடாதீங்க. கோவத்தோடவே செய்யுங்க, பரவால்ல."

நோய் வந்த நாளிலிருந்து கோபப்படாதே என்று சொல்லாத ஒரே ஆள் அவர். கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு இந்தப் பயிற்சியைச் செய்ய முடியாது. அங்கே என் கை வெளியே இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசியில் எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர் சிறி பாசத்தோடு என் தோளைத் தட்டினார். "இப்ப குடியைக் குறைச்சிட்டீங்களாம் அண்ணை. அக்கா சொன்னவ. அப்பிடியே விட்டிடுங்கோ."

எந்த அக்கா என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்டபோது வசந்தி மறுக்கவில்லை. "குடியெண்டால் சனத்துக்குப் பழகின விசயம். இண்டைக்குக் குடிப்பினம், நாளைக்கு விடுவினம். இந்தப் பார்க்கின்சன் வருத்தத்தை நான் என்னெண்டு சொல்லுறது? பிள்ளையை ஆர் எடுப்பினம்?"

"என்னை ஒரு சொல்லுக் கேட்டீரோ?"

"கேட்டால் விட்டிருப்பீங்களோ?" என்று சொல்லி அழுதாள். அவள் அழுததில் என் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. போனை எடுத்து மாப்பிள்ளையின் தகப்பனை அழைத்தேன். நோயின் பெயரைச் சொன்னேன், மருத்துவர் சொன்னதையும் சொன்னேன்.

"குடியெண்டுதான் கேள்விப்பட்டனாங்கள். அதை நாங்கள் பெரிசா எடுக்கேல்லை, எங்கட பக்கமும் ஆக்கள் இருக்கினம். இது வேறை கதையெல்லோ" என்றார். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. குடிகார மாமன் என்றால் பரவாயில்லையாம். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துஷி "ஐ'ம் ஓகே அப்பா" என்றாள். உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது. வசந்தி பல நாட்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நோய் மாறவில்லை. தாய்ச்சி மாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிசையை (மாத்திரையை) நிறுத்தவும் வேண்டாம். விழுவது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். என் நாள் இப்போது மணிக்கூட்டில் ஓடுவதில்லை. குளிசை வேலை செய்யும் நேரம், செய்யாத நேரம் என்று இரண்டு நேரங்கள்தான் எனக்கு. சட்டைப் பொத்தானைப் பூட்ட அது கேட்கிற நேரத்தைக் கொடுக்கிறேன்.

மார்கழியில் வசந்தியும் நானும் அதே கடைக்குப் போனோம். சிறி தலையை ஆட்டினார். "உங்கட குடியாலை பிள்ளையின்ர கலியாணமும் குழம்பிப்போச்சே அண்ணை."

நான் வாயைத் திறக்குமுன் வசந்தி கையிலிருந்த அரிசிமாப் பையை மேசையில் போட்டாள். "அவர் ஒரு நாளும் குடிச்சதில்லை. நான்தான் பொய் சொன்னனான். அவருக்குப் பார்க்கின்சன். இனி ஆரும் குடியெண்டு கதைச்சால் பாருங்கோ!"

சிறி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகத்தை வசந்தியின் பக்கம் திருப்பி, குரலைத் தணித்துக் கேட்டார்.

"அப்ப அண்ணை மீன் சாப்பிடுவாரோ, அக்கா? கதைச்சால் விளங்குமோ?"

குடிகாரனாக இருந்தவரைக்கும் என்னோடு நேரே பேசியவர் அவர். நோயாளி என்றானதும் நான் அங்கே இல்லாமல் போய்விட்டேன். என் குரலும் அதற்குள் சிறுத்திருந்தது. (இதுவும் இந்த நோயின் வேலைதான்.) எடையை இடது காலுக்குக் கொண்டுவந்தேன். மூச்சை எடுத்து, சொல் சொல்லாக வெளியே விட்டேன்.

"என்னட்டைக் கேளும், சிறி. நான் இஞ்சைதான் நிக்கிறன்."

சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் கூடைகளோடு காத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்கட்டும்.